டிஃபென்ஸ்மேன்: தடுப்பவரா, பின்னால் நிற்பவரா?

ஐஸ் ஹாக்கியைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதலில் இடறுகிற சொல் டிஃபென்ஸ்மேன். கோல்கீப்பருக்கு முன்னால் இருவர் இருவராக இறங்கி, எதிரணியின் பாய்ச்சலை முறிப்பவர்.

சொல்லின் வேர் லத்தீன் 'டிஃபெண்டெரே'. அடித்து விலக்குதல் என்று பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. வேலியைக் குறிக்கும் 'ஃபென்ஸ்' கூட 'டிஃபென்ஸ்' தலையிழந்து பிறந்ததுதான். ஆனால் ஆரம்பகால ஐஸ் ஹாக்கியில் இந்த இடங்களுக்குப் பெயர் 'பாயிண்ட்', 'கவர் பாயிண்ட்'. கிரிக்கெட் பார்ப்பவர்களுக்குக் காது குளிரும்!

ஸ்வீடனில் இவரை 'பாக்' என்கிறார்கள். ஆங்கிலத்தின் 'பேக்' அங்கே போய் அப்படி ஆனது. பின்னால் நிற்பவர், அவ்வளவுதான். செய்யும் வேலையைச் சொல்லாமல் நிற்கும் இடத்தைச் சொல்கிற பெயர்.

அதுவே பொருத்தம் என்பேன். காரணம் நிக்லஸ் லிட்ஸ்ட்ரோம். வட அமெரிக்காவின் என்ஹெச்எல் லீக்கில் அணிகள் புது வீரர்களை வரிசையாக எடுக்கும் 1989 வீரர் தேர்வில், டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணி இந்த ஸ்வீடன்காரரை எடுத்தபோது அவருக்கு முன்னால் 52 பேர் போயிருந்தார்கள். 1991 முதல் 2012 வரை, 20 பருவங்கள், 1,564 ஆட்டங்கள், ஒரே அணி. சிறந்த டிஃபென்ஸ்மேனுக்கான நாரிஸ் விருது 7 முறை. லீக் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை 4 முறை, அதில் 2008இல் அணித் தலைவராக. எதிராளியை இடித்துத் தள்ளுவதைவிட, சரியான இடத்தில் நின்று மட்டையை நீட்டி 'பக்' என்ற வட்டைத் தட்டிவிடுவதுதான் அவர் பாணி. சரி, தடுத்தார். ஆனால் 264 கோலும் போட்டாரே! 2006 டுரின் ஒலிம்பிக் இறுதியில் ஃபின்லாந்தை 3-2 என வீழ்த்திய கோலும் அவருடையது. இவரைத் 'தடுப்பாட்டக்காரர்' என்றால் பாதி ஆள்தான் தெரிவார்.

'காவலர்' என்று சுருக்கலாமா? காக்கிச் சட்டை நினைவுக்கு வந்துவிடும். 'தற்காப்பு ஆட்டக்காரர்' தன்னை மட்டும் காத்துக்கொள்பவர் போல ஒலிக்கிறது. என் தேர்வு 'பின்கள ஆட்டக்காரர்'. பின்களத்திலிருந்து அவர் தடுக்கலாம், கோலும் அடிக்கலாம், சொல் இடிக்காது.

அப்புறம், ஐஸ் ஹாக்கியைப் 'பனி வளைகோல் பந்தாட்டம்' என்று எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அதில் பந்தே கிடையாது. உருள்வதற்குப் பதில் வழுக்கி ஓடும் ரப்பர் வட்டுதான். 'பனி வளைகோல் ஆட்டம்' என்று நிறுத்திக்கொள்ளலாம்.