அனுமதி கொடுத்தது தம்பி, போன் வந்தது மாமியாருக்கு

மதுரை மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கறிஞராக இருக்கிறேன். கடன் செயலித் தொல்லை என்று என்னிடம் வருகிறவர்களில் பலர் கடனே வாங்காதவர்கள்.

வில்லாபுரத்தில் தையல் வேலை பார்க்கும் பெண் ஒருவர். அவர் தம்பி ஐயாயிரம் ரூபாய்க்காக ஒரு செயலியை இறக்கி, கேட்டதற்கெல்லாம் அனுமதி கொடுத்துவிட்டான். தவணை தவறியதும், போனில் அவன் 'அக்கா', 'அக்கா மாமியார்' என்று பதிந்து வைத்திருந்த எண்களுக்கெல்லாம் மிரட்டல் வந்தது. அக்காவின் வாட்ஸ்அப் படத்தை ஆபாசமாக ஒட்டி, உசிலம்பட்டியில் இருக்கும் மாமியாருக்கே அனுப்பினார்கள். அந்த அம்மாவிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

"தம்பி அந்த ஆப்பை அழிச்சுட்டான் சார்" என்றார். அழிந்தது போனில்தான். செயலிக்காரர்களின் சர்வருக்குப் போன எண் பட்டியல் அங்கேயே இருக்கும். ஆதாரம்தான் நம் கையை விட்டுப் போயிற்று. முதலில் ஸ்கிரீன்ஷாட், அப்புறம் சைபர் குற்றப் புகாருக்கான 1930 உதவி எண். காவல் நிலையம் போனால் புகாரைப் பெற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். படம் வந்த உறவினரும் தனியாகப் புகார் கொடுக்கலாம்.

கடன் செயலிகள் தொடர்பு எண்களைத் தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இலேயே சொல்லிவிட்டது. கேட்கிற செயலியை அங்கேயே விட்டுவிடுங்கள்.

விளக்குத்தூண் பக்கம் துணி எடுத்தாலும் பில்லுக்கு முன் நம்பர் கேட்கிறார்கள். கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதம் அறிவுறுத்தியது. "நம்பர் இல்லாம போடுங்கம்மா" என்றால் போட்டுவிடுகிறார்கள். வரிசையில் பின்னால் நிற்பவர்தான் முறைப்பார்.

வாங்கிய நம்பர்கள் ஏதோ ஒரு தரவு மையத்தில் இரவு பகலாகக் கரண்டில் கிடக்கின்றன. 2024இல் உலக மின் நுகர்வில் சுமார் 1.5 விழுக்காடு தரவு மையங்களுக்குப் போனதாகச் சர்வதேச எரிசக்தி முகமை கணக்கிட்டது. குளிரூட்டத் தண்ணீரும் செலவாகிறது. தமிழ்நாட்டில் இவை பெருகுவது சிறுசேரி, அம்பத்தூர் பக்கம். 2019இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் ஏற்றிப்போன சென்னைதான் அது. ஒரு நம்பருக்கு ஆகும் செலவு தூசுதான். கோடிக்கணக்கில், அழிக்க ஆளில்லாமல் சேரும்போது, நம்பர் கொடுக்காதவர்களும் அதைச் சுமக்கிறார்கள்.

தேவையானதை மட்டும் வாங்கு, வேலை முடிந்ததும் அழி என்கிறது 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம் வேறு. இத்தனை தாராளம் தேவையா என்பது என் சந்தேகம். கொடுத்த நம்பரை அழிக்கச் சொல்லி அதுவரை காத்திருக்காமல் கடைக்கு எழுதிக் கேட்கலாம். நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.