ஜட்ஜ் அட்வகேட் ஜெனரல்: சொல் விளக்கம்

ராணுவத்தின் சட்டப் பிரிவுக்குத் தலைமை தாங்கும் மூத்த அதிகாரியின் பதவிப்பெயர் இது. சுருக்கமாக ஜே.ஏ.ஜி. என்பார்கள்.

‘ஜெனரல்’ என்றதும் படைத்தளபதி என்று நினைத்துவிட வேண்டாம். அட்டர்னி ஜெனரல், அக்கவுண்டன்ட் ஜெனரல் என்பதில் வருகிற அதே ‘ஜெனரல்’தான், துறை முழுமைக்கும் பொறுப்பானவர் என்று பொருள். ‘அட்வகேட்’ லத்தீனிலிருந்து வந்தது: துணைக்கு அழைக்கப்பட்டவர்.

சரி, ஒரே ஆள் எப்படி நீதிபதியாகவும் வக்கீலாகவும் இருக்க முடியும்? பழைய நடைமுறை அப்படித்தான் இருந்தது. 1775-ல் அமெரிக்கப் படைக்கு வில்லியம் டியூடர் இந்தப் பதவிக்கு வந்தார். 1806-ன் அமெரிக்கப் போர்ச் சட்டப்படி, கோர்ட் மார்ஷலில், அதாவது ராணுவத்தினரை விசாரிக்கும் மன்றத்தில், சட்ட அதிகாரியாக இருக்கும் ஜட்ஜ் அட்வகேட்தான் குற்றம்சாட்டும் தரப்பு. கைதியைச் சிக்கவைக்கும் கேள்விகளுக்கு ஆட்சேபம் சொல்ல வேண்டியவரும் அவரே. லிங்கன் கொலை வழக்கை 1865-ல் ஒன்பது ராணுவ அதிகாரிகள் விசாரித்தார்கள். அரசுத் தரப்பை நடத்திய ஜே.ஏ.ஜி. ஜோசப் ஹோல்ட்தான் தண்டனை ஆவணங்களையும் ஜனாதிபதி ஜான்சனின் ஒப்புதலுக்கு எடுத்துப் போனார். ஒப்புதல் கிடைத்த இரண்டே நாளில் நால்வர் தூக்கிலிடப்பட்டார்கள். வழக்கு நடத்தியவரே தண்டனைக்கும் ஆலோசகர் என்பது என்ன நியாயம்?

இந்தச் சிக்கல் பழங்கதையாகிவிடவில்லை. குவான்டனாமோ என்ற அமெரிக்க ராணுவச் சிறை முகாமில் நடந்த விசாரணைகளில் சட்ட ஆலோசகராக இருந்த ஒரு பிரிகேடியர் ஜெனரல், அரசுத் தரப்போடு அளவுக்கு மீறி நெருங்கிவிட்டார் என்று ராணுவ நீதிபதியே 2008-ல் அவரை அங்கிருந்த கைதி ஹம்தானின் வழக்கிலிருந்து விலக்கினார்.

இந்தியாவில் 1950-ன் ராணுவச் சட்டம் 129-வது பிரிவுப்படி, ஜெனரல் கோர்ட் மார்ஷல் ஒவ்வொன்றிலும் ஒரு ஜட்ஜ் அட்வகேட் இருந்தாக வேண்டும். அவர் சட்டம் சொல்வார். குற்றவாளியா இல்லையா என்று முடிவெடுப்பது உறுப்பினர்களான அதிகாரிகள். பிரிட்டனில் இந்தப் பதவியில் இருப்பவர் சீருடை அணியாத நீதிபதி.

அப்புறம், தமிழில்? ‘ராணுவ நீதிபதி’ பொருந்தாது, இந்தியாவில் அவர் தீர்ப்பு சொல்வதில்லை. ‘ராணுவ வழக்கறிஞர்’ என்றால் ஒரு தரப்புக்கு வாதாடுபவர் என்றாகிவிடும். ஜட்ஜ் அட்வகேட்டைப் ‘படைச்சட்ட அலுவலர்’ என்றும், ஜே.ஏ.ஜி.யைத் ‘தலைமைப் படைச்சட்ட அலுவலர்’ என்றும் சொல்வதே என் பரிந்துரை. கோர்ட் மார்ஷலுக்குப் ‘படைத்துறை நீதிமன்றம்’ போதும். ‘தீர்ப்பாயம்’ என்ற சொல்லை 2007-ன் சட்டப்படி அமைந்த ஆயுதப் படைகள் தீர்ப்பாயத்துக்கு விட்டுவிடலாம். அது வேறு அமைப்பு.