பெட்ரோலுக்குள் சுழலும் மோட்டார்

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டுகிறவர். சொந்தமாக ஒரு பழைய புரோட்டோன் வீரா கார் வைத்திருக்கிறார். மேடு ஏறும்போது வண்டி இழுக்க மாட்டேன் என்கிறதாம். ஃபோர்மேன் பார்த்துவிட்டு ஃபியூவல் பம்ப் போச்சு என்றாராம். இணையத்தில் 50, 60 வெள்ளிக்கே பம்ப் கிடைக்கிறதே, வாசலில் வைத்து நானே மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்கிறார். கடைசி வரியில்தான் எனக்குப் பிடித்த கேள்வி இருந்தது: "அது தொட்டிக்குள்ளே பெட்ரோலில் மூழ்கிக் கிடக்குமாமே ஐயா. கரண்டு மோட்டாரில் பொறி பறக்குமே, எப்படி வெடிக்காமல் இருக்கிறது?"

1985-இல் வந்த முதல் புரோட்டோன் சாகா காரில் இந்தச் சிக்கல் இல்லை. அதில் பம்ப் என்ஜின் மேலேயே இருக்கும். என்ஜின் சுற்றும்போது ஒரு நெம்புகோல் ரப்பர் சவ்வை மேலும் கீழும் அசைத்து, பின்னாலிருக்கும் தொட்டியிலிருந்து பெட்ரோலை உறிஞ்சும். உறிஞ்சினால் குழாயில் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும், இது பள்ளியில் படித்ததுதான். உச்சிவெயிலில், சூடான என்ஜின் பக்கத்தில், பெட்ரோல் குழாய்க்குள்ளேயே குமிழ்விட ஆரம்பித்துவிடும். பம்ப் அந்தக் குமிழியை அமுக்கிக்கொண்டே இருக்கும், எண்ணெய் நகராது. ரோட்டோரம் நிறுத்தி, பம்பின் மேல் ஈரத்துணி போட்டுக் காத்திருந்தவர்களுக்கு இது தெரியும்.

பெட்ரோலை அழுத்தத்தோடு என்ஜினுக்குப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் வண்டிகளுக்கு இந்தச் சவ்வுப் பம்ப் போதாது. பெரும்பாலானவற்றுக்குச் சுமார் 3 பார் அழுத்தம் வேண்டும். டயரில் நாம் அடிக்கும் காற்றைவிட அதிகம். அதனால் உறிஞ்சுகிற வேலையை விட்டுவிட்டு, பம்பைத் தொட்டிக்குள் இறக்கி, அங்கிருந்தே தள்ள வைத்தார்கள். தள்ளும்போது அழுத்தம் ஏறும், கொதிப்பது கஷ்டம்.

ஒரு பழைய பம்பை நன்றாகக் காயவிட்டு ரம்பத்தால் அறுத்துப் பார்த்திருக்கிறேன். கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பருத்த உலோக உருளை. அடியில் பொத்தானைப் போல ஒரு தட்டையான பிளாஸ்டிக் சக்கரம். அதன் விளிம்பில் நுணுக்கி நுணுக்கி வெட்டிய பற்கள். இந்தச் சக்கரம் நிமிடத்துக்குச் சில ஆயிரம் முறை சுற்றும். பற்களுக்கிடையே புகுந்த பெட்ரோல் வெளிப்பக்கம் வீசப்படும், பக்கத்துக் கால்வாய்ச் சுவரில் மோதிச் சுருண்டு திரும்பும், மறுபடி இன்னொரு பல்லில் மாட்டும். ஒரே சுற்றுக்குள் இப்படிப் பல தடவை. ஊஞ்சலை ஒவ்வொரு வீச்சிலும் லேசாகத் தள்ளுவதைப் போல, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் அழுத்தம் சேரும். வெளிவாசலை அடைவதற்குள் 3 பார் தயார். வால்வு திறந்து மூடுவது, பிஸ்டன் இடிப்பது எதுவும் இல்லை. சக்கரத்துக்கும் உறைக்கும் நடுவே மயிரிழை இடைவெளிதான் இருக்கும். ஒரு மணல் துகள் புகுந்து அதைத் தேய்த்துவிட்டால், மோட்டார் சுற்றும், சத்தமும் வரும், அழுத்தம் மட்டும் வராது. மேட்டில் வண்டி திணறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

என்னை மயக்குவது அடுத்த கட்டம். அழுத்தம் ஏறிய பெட்ரோல் மோட்டாரைச் சுற்றிக்கொண்டு போவதில்லை, மோட்டாருக்கு உள்ளேயே போகிறது. காந்தத்துக்கும், சுழலும் கம்பிச்சுருளான ஆர்மேச்சருக்கும் நடுவே நுழைந்து, அந்தச் சுருளுக்குக் கரண்டு கொடுக்கும் கம்யூட்டேட்டர் வளையத்தையும் அதை உரசும் பிரஷையும் கழுவிக்கொண்டு, மேலே இருக்கும் ஒருவழி வால்வு வழியாக வெளியேறுகிறது. பிரஷ் உரசும் இடத்தில் பொறி வருவது உண்மைதான். ஆனால் அந்தப் பொறியைச் சுற்றி இருப்பது திரவம். எரிய ஆக்ஸிஜன் வேண்டும், அது அங்கே இல்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விடாமல், அதே பெட்ரோலை மோட்டாருக்குக் குளிர்ச்சியாகவும் மசகாகவும் பயன்படுத்திக்கொண்டார்கள்.

தொட்டி பாதி காலியானால் மேலே காற்று இருக்குமே? இருக்கும். ஆனால் பெட்ரோல் ஆவி காற்றில் ஏறத்தாழ 1.4 முதல் 7.6 சதவீதம் வரை கலந்திருந்தால்தான் பற்றும். நம் ஊர்ச் சூட்டில் மூடிய தொட்டிக்குள் ஆவி அந்த மேல் எல்லையைத் தாண்டி எங்கேயோ போய்விடும். எரிபொருள் மிதமிஞ்சி, காற்று போதாமல், தீ பிடிக்க வழியே இருக்காது. கடுங்குளிர் நாடுகளில்தான் ஆவி குறைந்து இந்தக் கணக்கு உதைக்கும்.

தொட்டியைத் திறந்துவிட்டால் கணக்கே வேறு. வெளிக்காற்று கலக்கக் கலக்க, திறந்த வாயருகே ஆவி அந்த எரியும் வரம்புக்குள் இறங்கி வரும். காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தவழ்ந்தும் போகும். வாசலில் எரியும் சாமி விளக்கு, கொசுவத்திச் சுருள், பக்கத்து வீட்டு அண்ணனின் சிகரெட் எல்லாம் அதற்கு எட்டுகிற தூரம்தான். மூடிய கார் கொட்டகைக்குள் வேண்டாம், திறந்த வெளியில் செய்யுங்கள்.

இனி மலிவுச் சாமான். இரண்டு இடத்தில் காசை மிச்சம் பிடிக்கிறார்கள். ஒன்று கம்யூட்டேட்டர். எத்தனால் போன்றவை கலந்த எரிபொருள் செம்பை அரிக்கும் என்பதால் நல்ல பம்புகள் பலவற்றில் கார்பன் கம்யூட்டேட்டர் வைக்கிறார்கள். மலிவானதில் வெறும் செம்பாக இருக்கலாம். மற்றொன்று கூடவே வரும் குட்டி ஹோஸ். சாதாரண பெட்ரோல் ஹோஸின் உட்புறம்தான் பெட்ரோலைத் தாங்கும். வெளிப்புறமும் மூழ்கினால் ஊறி, உப்பி, பிய்ந்துவிடும். மூழ்கிக் கிடப்பதற்கென்றே 30R10 என்று குறியிட்ட ஹோஸ் தனியாக உண்டு. பம்போடு எந்த ஹோஸ் வந்தாலும் நான் இதைத்தான் வாங்கிப் போடுவேன்.

ஈப்போவில் 1969 முதல் உங்கு ஓமார் போலிடெக்னிக் இருக்கிறது. மாணவர்கள் கடைசி ஆண்டு புராஜெக்ட்டுக்கு இந்த மலிவுப் பம்புகளை வாங்கி, நின்றுபோகும் வரை ஓடவிட்டு முடிவை ஊருக்குச் சொன்னால் எத்தனை பேருக்கு உதவும்! அதற்குப் பெரிய மானியம்கூட வேண்டாம். நாமோ எண்ணெய்க் குழாயில் காந்தம் மாட்டினால் மைலேஜ் கூடும் என்பவனுக்குப் பாசார் மாலாமில் காசு கொடுக்கிறோம். பெட்ரோல் காந்தத்துக்கு மசியாது.

10 வெள்ளி 10 வெள்ளியாக எண்ணெய் போட்டால் அடி அழுக்கைப் பம்ப் இழுக்கும் என்பார்கள். பம்ப் எப்போதும் அடியிலிருந்துதான் இழுக்கிறது, தொட்டி நிரம்பியிருந்தாலும். உண்மையான கெடுதல், வளைவில் எண்ணெய் ஒதுங்கி, பம்ப் காற்றை விழுங்கி, அந்த நேரம் குளிர்ச்சி இல்லாமல் காய்வதுதான்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் ஃபியூஸ், பம்புக்குக் கரண்டு விடும் ரிலே, பம்ப் பிளக்கில் வோல்டேஜ் எல்லாம் பாருங்கள். துருப்பிடித்த ஒயருக்காகப் புதுப் பம்ப் வாங்கியவர்கள் உண்டு. முடிந்தால் அழுத்தத்தையும் கேஜ் வைத்து அளந்துவிடுங்கள். சில கார்களில் பின் சீட்டைத் தூக்கினாலே மூடி தெரியும். தொட்டியையே இறக்க வேண்டிய வண்டி என்றால் பட்டறைக்கே விடுங்கள். தொட்டியில் எண்ணெய் குறைவாக இருக்கட்டும். ரிலேயைப் பிடுங்கிவிட்டு என்ஜினை ஓடவிட்டால் தானாக நின்று அழுத்தம் இறங்கிவிடும். அப்புறம் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். அடியிலிருக்கும் வலை வடிகட்டியும் மூடியின் ரப்பர் வளையமும் புதிதாகத்தான் இருக்க வேண்டும். பழைய வளையம் வெளியே எடுத்ததும் உப்பி, திரும்ப உட்காராது.

மாட்டியதும் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் சில முறை ஆன் செய்யுங்கள். பல கார்களில் ஒவ்வொரு முறையும் சில விநாடி பம்ப் ரீங்காரம் கேட்டு நிற்கும், குழாயில் அழுத்தம் ஏறும். மூடியைச் சுற்றி விரலால் தடவுங்கள். ஈரமோ வாடையோ இருந்தால் சீட்டைப் போடாமல் மறுபடி கழற்றுங்கள்.