வரிசை நகர்வதற்குள் பிள்ளைக்கு 21: அமெரிக்கக் குடும்ப விசாவில் வயதுக் கணக்கு

அண்ணன் அமெரிக்காவில் சிட்டிசன் ஆகிவிட்டார். ஊரில் இருக்கும் தம்பிக்கு ஐ-130 மனு, அதாவது உறவினரை அழைத்துக்கொள்ளும் மனு, போடுகிறார். அப்போது தம்பி மகனுக்கு மூன்று வயது. தம்பி, மனைவி, பிள்ளை மூன்று பேருமே அந்த மனுவில் அடக்கம் என்று எல்லோரும் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். பத்தொன்பது வருடம் கழித்து விசா எண், அதாவது வரிசையில் அவர்கள் முறை, வருகிறது. தம்பிக்கு உண்டு, மனைவிக்கு உண்டு, மகனுக்கு இல்லை. அவனுக்கு 22 வயது ஆகிவிட்டது. அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தில் 'பிள்ளை' என்றால் கல்யாணமாகாத, 21 வயது நிரம்பாத ஒருவர்தான்.

இதைத்தான் 'ஏஜ் அவுட்' என்கிறார்கள். உறவுக்காரர்கள் சிலருக்கு உட்கார்ந்து இந்த வயதுக் கணக்கைப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஒரு வீட்டில் அந்தப் பெண் உள்ளே வர முழு வாய்ப்பு இருந்தது. விசா எண் வந்த ஒரு வருடத்துக்குள் அவள் பெயரில் செய்ய வேண்டிய ஒரு சின்ன வேலையைச் செய்யாமல் விட்டதால் அது கைநழுவிப் போனது. என்னிடம் வந்தபோது வருடம் தாண்டியிருந்தது. அந்த வீட்டுக்கு நடந்தது இன்னொரு வீட்டுக்கு நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில், வரிசை ஏன் இத்தனை நீளம்? சிட்டிசனின் கணவன் அல்லது மனைவி, 21 ஆகாத கல்யாணமாகாத பிள்ளைகள், சிட்டிசனுக்கு 21 ஆகியிருந்தால் அவருடைய அப்பா அம்மா, இவர்களுக்கு எண்ணிக்கை வரம்பே கிடையாது. மற்ற உறவுகள் எல்லாம் ஒதுக்கீட்டு வரிசையில்தான் நிற்க வேண்டும். 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அந்த வரிசைக்கு நடைமுறையில் வருடத்துக்கு 2,26,000 விசா. சிட்டிசனின் 21 தாண்டிய, கல்யாணமாகாத பிள்ளைகளுக்கான எஃப்1 பிரிவுக்கு 23,400. கிரீன் கார்டு வைத்திருப்பவரின் கணவன், மனைவி, கல்யாணமாகாத பிள்ளைகளுக்கான எஃப்2 பிரிவுக்கு 1,14,200. சிட்டிசனின் கல்யாணமான பிள்ளைகளுக்கான எஃப்3-க்கு 23,400. உடன்பிறந்தவர்களுக்கான எஃப்4-க்கு 65,000.

இந்த 65,000 உலகம் முழுவதற்கும் சேர்த்து. அதிலும் மனைவி, பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் தனித்தனி எண். நான்கு பேர் குடும்பம் வந்தால் நான்கு எண்கள் காலி. இதற்கு மேல் நாட்டு வரம்பு வேறு. குடும்ப விசா, வேலை விசா இரண்டும் சேர்ந்த மொத்தத்தில் எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. எண்ணிக்கையில் சொன்னால் 25,620. அதனால்தான் வெளியுறவுத் துறை மாதாமாதம் போடும் விசா புல்லட்டினில் இந்தியா, சீனா, மெக்சிகோ, பிலிப்பைன்ஸ் நான்குக்கும் தனித்தனிப் பத்தி இருக்கிறது. 2025-இல் இந்தியாவுக்கு எஃப்4-இல் 2006-ஆம் ஆண்டு போட்ட மனுக்கள்தான் நடந்துகொண்டிருந்தன. மெக்சிகோவுக்கு 2001.

இந்த வரிசையில் நிற்கும்போதே மகனோ மகளோ 21-ஐத் தாண்டிவிடுவதைத் தடுக்க 2002-இல் ஒரு சட்டம் வந்தது. சைல்டு ஸ்டேட்டஸ் புரொடெக்‌ஷன் ஆக்ட், சுருக்கமாக சி.எஸ்.பி.ஏ. ஆகஸ்ட் 6 அன்று அதிபர் புஷ் கையெழுத்திட்டார். 21 ஆனால் போச்சு என்பதை இது மாற்றியது. பிறந்த தேதிப்படி உள்ள வயதிலிருந்து கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம் என்றது. எவ்வளவு கழிக்கலாம் என்பதைத்தான் பெரும்பாலான வீடுகளில் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்.

வரிசையில் காத்திருந்த வருடங்களைக் கழிக்க முடியாது. மனு அரசின் மேசையில் முடிவெடுக்கப்படாமல் கிடந்த நாட்களை மட்டும்தான் கழிக்கலாம். அதாவது மனு போட்ட நாளிலிருந்து அது ஒப்புதல் ஆன நாள் வரை. விசா எண் கிடைக்கும் நாளில் பிள்ளைக்கு என்ன வயது என்று பார்த்து, அதிலிருந்து இந்த நாட்களைக் கழித்து, 21-க்குக் கீழே வந்தால் அவன் சட்டப்படி பிள்ளைதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2006 மே மாதம் மனு போட்டார்கள். மகன் பிறந்தது 2003 ஏப்ரல் 1. விசா எண் கிடைத்தது 2025 ஜூன் 1 என்று வைத்துக்கொள்வோம். அன்று அவனுக்கு 22 வயது 2 மாதம். மனு ஒப்புதலாக இரண்டரை வருடம் ஆகியிருந்தால், கழித்தபின் 19 வயது 8 மாதம். அவன் தப்பித்தான். அதே மனு எட்டே மாதத்தில் ஒப்புதலாகியிருந்தால் 21 வயது 6 மாதம். அவன் வெளியே.

திரும்பப் படித்துப் பாருங்கள். சீக்கிரம் ஒப்புதல் வந்த வீட்டுப் பிள்ளைதான் நஷ்டப்படுகிறான். ஃபைல் இரண்டரை வருடம் தூங்கிய வீட்டுப் பிள்ளை விமானம் ஏறுகிறான். எஃப்4 போன்ற நீண்ட வரிசையில் சீக்கிரம் ஒப்புதல் வந்தாலும் விசா ஒரு நாள்கூட முன்னால் வராது. ஏனென்றால் வரிசையில் இடத்தை முடிவு செய்வது மனு போட்ட தேதி, அதாவது பிரையாரிட்டி டேட். ஆகவே மூன்று வருடமாக ஒப்புதல் வரவில்லையே என்று பதறி, விசாரணைக் கடிதம் மேல் கடிதம் அனுப்புவதற்கு முன்னால் வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறதா என்று யோசியுங்கள். இது அநியாயமான ஏற்பாடு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு பிள்ளையின் வாழ்க்கை, ஏதோ ஓர் அலுவலகத்தில் ஒரு ஃபைல் எவ்வளவு மெதுவாக நகர்ந்தது என்பதைப் பொறுத்தா இருக்க வேண்டும்? ஆனால் சட்டம் இப்படித்தான் இருக்கிறது, அதை வைத்துத்தான் நாம் கணக்குப் போட வேண்டும்.

அதனால் இரண்டு தாள்களை உயிர் போல வைத்திருங்கள். மனு வந்து சேர்ந்ததற்கு வரும் ரசீது நோட்டீஸ் ஒன்று, ஒப்புதல் நோட்டீஸ் ஒன்று. இரண்டுமே ஐ-797 என்ற தலைப்பில் வரும். மனு போட்டவரிடம்தான் அவை இருக்கும். பதினெட்டு வருடத்தில் அவர் நான்கு வீடு மாறியிருப்பார். இப்போதே ஃபோன் செய்து இரண்டையும் ஸ்கேன் பண்ணி அனுப்பச் சொல்லுங்கள்.

'விசா எண் கிடைக்கும் நாள்' எது என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. புல்லட்டினில் இரண்டு அட்டவணைகள் உண்டு. இறுதி நடவடிக்கைத் தேதிகள் ஒன்று, விண்ணப்பம் போடும் தேதிகள் இன்னொன்று. இரண்டாவது கொஞ்சம் முன்னால் ஓடும். ஊரிலிருந்து தூதரகம் வழியாகப் போகிறவர்களுக்கு முதல் அட்டவணைதான் கணக்கு. அமெரிக்காவுக்குள் இருந்தபடி கிரீன் கார்டுக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு 2023 பிப்ரவரியில் இரண்டாவது அட்டவணையைப் பயன்படுத்தலாம் என்று குடிவரவுத் துறை தளர்த்தியது. 2025 ஆகஸ்ட் 15 முதல் போடப்படும் விண்ணப்பங்களுக்கு அதைத் திரும்பப் பெற்றுவிட்டது. பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டுக் கணக்குப் போடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

சரி, கழித்துப் பார்த்தால் 21-க்குக் கீழே வருகிறது. அத்துடன் முடிந்ததா? இல்லை. விசா எண் கிடைத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் பிள்ளை விசாவுக்காக முறைப்படி அடி எடுத்து வைத்திருக்க வேண்டும். ஊரில் இருக்கும் பிள்ளைக்கு அவன் பெயரில் டிஎஸ்-260 என்ற விசா விண்ணப்பப் படிவத்தைச் சமர்ப்பிப்பது தெளிவான வழி. அப்பா தன் படிவத்தைப் போட்டார், பிள்ளைக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார் என்றால் வருடம் ஓடிவிடும். அசாதாரணமான காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம். தெரியவில்லை, மறந்துவிட்டோம் என்பது அந்தக் கணக்கில் சேராது. நான் மேலே சொன்ன பெண்ணுக்கு நடந்தது இதுதான். ஒப்புதலான மனுக்களைத் தூதரகத்துக்கு அனுப்பும் நேஷனல் விசா சென்டரிலிருந்து வரும் மின்னஞ்சல் மனு போட்டவரின் பழைய முகவரிக்கே போய்க்கொண்டிருக்கலாம். உங்கள் பிரையாரிட்டி டேட்டுக்கு இரண்டு மூன்று வருடம் இருக்கும்போதே மாதாமாதம் நீங்களே புல்லட்டினைப் பாருங்கள்.

ஒரு நல்ல வழி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. நாட்டு வரம்பு குடியுரிமையை வைத்து அல்ல, பிறந்த இடத்தை வைத்து. கணவன் மதுரையில் பிறந்தவர், மனைவி யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் என்றால், மனைவி பிறந்த நாட்டின் கணக்கில் குடும்பம் முழுவதையும் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். இலங்கைக்குப் புல்லட்டினில் தனிப் பத்தி இல்லை, 'மற்ற எல்லா நாடுகளும்' என்ற பத்தியில் வரும். 2025-இல் எஃப்4-இல் அந்தப் பத்தி இந்தியாவைவிட ஒரு வருடத்துக்கு மேல் முன்னால் இருந்தது. 21-ஐ நெருங்கும் பிள்ளைக்கு ஒரு வருடம் என்பது சின்ன விஷயம் இல்லை. மனைவி சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ பிறந்திருந்தாலும் இதே வழிதான்.

இன்னொரு தவறு, அப்பா அம்மாவுக்கு மனு போடும்போது நடப்பது. வரம்பில்லாத பிரிவில், யாருக்கு மனு போட்டார்களோ அவருடன் வேறு யாரையும் சேர்த்துக் கூட்டி வர முடியாது. சிட்டிசனான மகள் பெற்றோருக்கு மனு போட்டால், பதினைந்து வயதுத் தம்பி அதில் வர மாட்டான். இதே காரணத்தால், கிரீன் கார்டு வைத்திருப்பவர் மனைவிக்கு மட்டும் மனு போட்டு அதில் பிள்ளையும் அடக்கம் என்று இருந்தால், அவர் சிட்டிசன் ஆன அன்று மனைவி வரம்பில்லாத பிரிவுக்கு மாறிவிடுவார், பிள்ளைக்குத் தனியாக ஐ-130 தேவைப்படும். மற்றபடி, பிள்ளைக்கு 21 ஆவதற்கு முன் பெற்றோர் சிட்டிசன் ஆனால் அது பெரிய லாபம். அன்றைய தேதியில் வயது நின்றுவிடும். 21 தாண்டிய பிறகு என்றால் சிட்டிசன் ஆவது சில நேரம் பாதகமாகவும் முடியலாம். அந்த நிலையில் இருப்பவர்கள் விண்ணப்பம் போடும் முன் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

கணக்கு எப்படிப் போட்டாலும் 21-க்கு மேல் வருகிறவர்கள் கதி? கிரீன் கார்டு வைத்திருப்பவர் நேரடியாகத் தன் 21 ஆகாத பிள்ளைக்குப் போட்ட மனு, அதாவது எஃப்2-இன் முதல் பகுதியான எஃப்2ஏ, என்றால் பயமில்லை. அது தானாக 21 தாண்டிய கல்யாணமாகாத பிள்ளைகளுக்கான எஃப்2பி ஆகும், பழைய தேதியும் கூட வரும். அத்தை, மாமா, பெரியப்பா போட்ட எஃப்4 மனுவிலோ, தாத்தா, பாட்டி போட்ட எஃப்3 மனுவிலோ அந்தச் சலுகை இல்லை. 2014 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அப்படி முடிவு செய்தது. எல் சால்வடோரில் இருந்த ஒரு பெண்ணுக்கு, சிட்டிசனான அவருடைய தாய் 1998-இல் மனு போட்டிருந்தார். மகனுக்கு அப்போது 13 வயது. 2005 நவம்பரில் விசா எண் வந்தபோது, அவனுக்கு 21 முடிந்து நான்கு மாதம். மனு சீக்கிரமே ஒப்புதலாகிவிட்டதால் கழிக்க நாட்கள் போதவில்லை. அந்தப் பழைய தேதியை மகனுக்குத் தர முடியாது என்றார்கள். நீதிபதி ககன் எழுதிய அந்தத் தீர்ப்புதான் இன்றுவரை நடைமுறை.

ஆக, அப்பா அம்மா கிரீன் கார்டுடன் போய், 21 தாண்டிய பிள்ளைக்குப் புதிதாக எஃப்2பி மனு போட்டு, வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். 2025 நிலவரப்படி அதுவும் எட்டு ஒன்பது வருடம். அது முடியும்வரை பிள்ளை கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது. நம் வீடுகளில் இதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமான இடம். கிரீன் கார்டு வைத்திருப்பவரின் கல்யாணமான மகனுக்கோ மகளுக்கோ எந்தப் பிரிவும் கிடையாது. தாலி ஏறிய அன்றே மனு ரத்து. பிறகு விவாகரத்து ஆனாலும் அது உயிர் பெறாது. கோயிலில் மாலை மாற்றினோம், பதிவு செய்யவில்லை என்று சொல்லித் தப்ப முடியாது. இந்து திருமணச் சட்டப்படி சடங்கு நடந்தாலே அது திருமணம், தமிழ்நாட்டில் சுயமரியாதைத் திருமணமும் அப்படியே. நிச்சயதார்த்தத்தால் பாதகம் இல்லை.

24 வயதுப் பெண்ணை 33 வரை காத்திரு என்று சொல்ல எந்தத் தாய்க்கும் வாய் வராது. அதற்கு நடுவழி ஒன்று உண்டு. தாயோ தந்தையோ, யார் மனு போட்டாரோ அவர், கிரீன் கார்டு வாங்கி ஐந்து வருடத்தில் சிட்டிசன் ஆகலாம். அவர் சிட்டிசன் ஆன பிறகு பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தால் மனு சாகாது, அதே பழைய தேதியுடன் எஃப்3-க்கு மாறும். அந்த வரிசை இன்னும் நீளம்தான், ஆனால் கணவனும் பிள்ளைகளும் அதில் கூட வரலாம். முகூர்த்தத் தேதி குறிக்கும் முன், குடியுரிமைச் சான்றிதழில் என்ன தேதி இருக்கிறது என்று மனு போட்டவரைக் கேளுங்கள். விண்ணப்பம் போட்டாயிற்று, நேர்காணலும் முடிந்தது என்பது போதாது. உறுதிமொழி எடுத்த தேதிக்கு மறுநாளாவது கல்யாணத் தேதி இருக்க வேண்டும்.