மாமன்ற மேசையில் ஒரு ரசமட்டம்

கடலூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “எங்கள் வார்டில் ஏரியா சபைக் கூட்டம் நடந்தது. மழைநீர் வடிகால் வேண்டும் என்று தெருக்காரர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தோம். கவுன்சிலர் வாங்கிக்கொண்டார். இனி அந்த மனு எங்கெல்லாம் போகும்? யார் முடிவு செய்வார்கள்? கட்டிய பிறகு தண்ணீர் ஓடும் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?”

முதல் இரண்டு கேள்விக்கும் சட்டம் பதில் சொல்கிறது. மூன்றாவதற்கு ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயும் அதற்குள் இருக்கும் குமிழியும் பதில் சொல்கின்றன. எனக்கு மிகவும் பிடித்த சங்கதி அந்தக் குமிழிதான். அதனால் சட்டத்தைச் சீக்கிரம் சொல்லிவிட்டு அங்கே போகிறேன்.

1992இல் நிறைவேறி 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம், நகர உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 வகைப் பணிகளைப் பட்டியல் போட்டது. மூன்று லட்சமோ அதற்கு மேலோ மக்கள் உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்றது. 2011 கணக்கெடுப்பின்படி கடலூரின் மக்கள் தொகை 1,73,636. அந்த வரம்புக்குள் நாம் வரவில்லை. ஆனால் தமிழ்நாடு அரசு 2022இல் விதிகள் கொண்டுவந்து, வார்டுக்கு ஒரு குழு, அதன் கீழே பகுதிவாரியாக ஏரியா சபை என்று அமைத்தது. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினத்தன்று, முதல் சபைகள் கூடின. 1866இல் நகராட்சியாகி 2021இல் மாநகராட்சியான கடலூரில் 45 வார்டுகள். அந்தந்த வார்டின் கவுன்சிலரே வார்டு குழுவுக்குத் தலைவர்.

மனுவின் பயணம் இப்படி: சபையில் வந்த கோரிக்கைகளை வார்டு குழு எது முதலில், எது பிறகு என்று வரிசைப்படுத்தும். பொறியியல் பிரிவுக்குப் போகும். உதவிப் பொறியாளர் வந்து இடத்தைப் பார்த்து எஸ்டிமேட் போடுவார். மாநகராட்சியில் நிலைக்குழுக்கள் உண்டு: கணக்கு, கல்வி, பொது சுகாதாரம், நகரமைப்பு, வரிவிதிப்பு மற்றும் நிதி, பணிகள். வடிகால் பணிகள் குழுவின் வேலை. அப்புறம் அஜெண்டாவில் ஒரு பொருளாக மாமன்றத்துக்கு வரும். தீர்மானம், நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைச் சட்டத்தின்படி டெண்டர், வேலை உத்தரவு. பணம் பொது நிதியிலிருந்தோ அரசு மானியத்திலிருந்தோ வரலாம். நமக்கு நாமே திட்டம் என்றால் செலவில் பொதுவாக மூன்றில் ஒரு பங்கை மக்கள் தர வேண்டும், மிச்சம் அரசு. ஒரு தெருவே சேர்ந்து காசு போடும்போது அந்த வேலையை ஆட்கள் பார்க்கும் பார்வையே மாறிவிடும். எனக்கு இந்தத் திட்டத்தின் மேல் தனிப் பிரியம் உண்டு.

இருபது சொச்சம் கிலோமீட்டர் வடக்கே புதுச்சேரியில் இந்தப் பாதையின் நடுப்பகுதியான தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே பல ஆண்டுகள் இல்லாமல் இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் 1880லேயே தேர்ந்தெடுக்கப்பட்ட நகராட்சிகளைக் கொண்டுவந்த ஊர் அது. ஆனால் 1968க்குப் பிறகு 2006இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2011இல் அந்தப் பதவிக் காலம் முடிந்த பின் பல ஆண்டுகள் தேர்தலே இல்லாமல் ஆணையர்கள் நிர்வாகம் செய்தார்கள். மனுவை வாங்கிக்கொள்ள ஒரு கவுன்சிலர் இருக்கிறார் என்பதே பெரிய விஷயம் என்று அங்குள்ள நண்பர்களிடம் பேசும்போது தோன்றும்.

சரி, மூன்றாவது கேள்வி. தண்ணீர் ஓடுமா?

மாமன்றம் எந்தத் தெருவுக்கு முதலில், எவ்வளவு செலவில், எந்த ஆண்டில் என்று எதை வேண்டுமானாலும் தீர்மானிக்கலாம். தண்ணீர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று மட்டும் தீர்மானம் போட முடியாது. கடலூரில் பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரம்தான். கண்ணால் பார்த்தால் தட்டையான தரை. கண்ணுக்குத் தெரியாத அந்தச் சாய்வைக் கண்டுபிடிக்கத்தான் லெவல் எடுக்கிறார்கள். முக்காலியின் மேல் ஒரு தொலைநோக்கி, தள்ளி நின்று ஒருவர் பிடித்திருக்கும் சிவப்பு கறுப்பு எண்கள் போட்ட அளவுகோல். சாலையோரம் எல்லாரும் பார்த்திருப்போம்.

அந்தத் தொலைநோக்கியைப் படுகிடையாக்குவது குமிழி. கொத்தனாரின் ரசமட்டத்தில் இருப்பதும் அதே குமிழிதான். குழாய் நேராக இருப்பதுபோலத் தெரியும், உண்மையில் அது நடுப்பகுதி மேடாக இருக்கும்படி மிக லேசாக வளைந்தது. நேரான குழாயாக இருந்தால் குமிழி நடுவில் நிற்க முகாந்திரமே இல்லை, சற்றுச் சாய்ந்தாலும் ஒரு கோடிக்கு ஓடிவிடும். வளைவு இருப்பதால்தான் அது மிக உயரமான இடத்தைத் தேடிப் போய் அங்கே நிற்கிறது. இப்போது கணக்கைப் பாருங்கள். சாதாரண லெவல் கருவியில் குமிழி 2 மில்லிமீட்டர் நகர்ந்தால் 20 விகலைச் சாய்வு என்று அர்த்தம். ஒரு பாகையில் 3,600 விகலை. அப்படியானால் அந்தக் குழாய் எந்த வட்டத்தின் துண்டு? ஏறக்குறைய 20 மீட்டர் ஆரமுள்ள வட்டம்! ஆறேழு மாடி உயரத்தை ஆரமாக வைத்து ஒரு வட்டம் வரைந்து, அதன் உச்சியில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டியெடுத்துப் பித்தளையில் பதித்திருக்கிறார்கள். முதல் தடவை இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இன்றைய தானியங்கி லெவல்களில் இந்த நீளக் குமிழிக்குப் பதிலாக மெல்லிய கம்பிகளில் ஒரு முப்பட்டகம் தொங்குகிறது. கருவி கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் புவியீர்ப்பு அதைச் செங்குத்தாக இழுத்துப் பார்வைக் கோட்டைக் கிடையாக்கிவிடும். வேலை செய்வது அதே ஈர்ப்புதான்.

அளப்பது எளிது. உயரம் தெரிந்த ஒரு புள்ளியில், 3.000 மீட்டர் என்று வையுங்கள், அளவுகோலை நிறுத்திப் படிக்கிறோம்: 1.250. அப்படியானால் பார்வைக் கோடு 4.250 மீட்டரில் இருக்கிறது. தெருக்கோடியில் அளவுகோலை நிறுத்தினால் 1.900. தரை 2.350 மீட்டர். அதாவது 65 சென்டிமீட்டர் பள்ளம். கோலில் எண் கூடக்கூடத் தரை இறங்குகிறது என்பது முதலில் குழப்பும், இரண்டு நாளில் பழகிவிடும்.

இதில் ஓர் அழகான ஏற்பாடு இருக்கிறது. கருவி பழுதாகி, அதன் பார்வைக் கோடு மேல்நோக்கிச் சற்றே ஏறிப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 50 மீட்டர் தள்ளி 20 விகலைப் பிழை கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர் ஆகும். கருவியை இரண்டு புள்ளிகளுக்கும் சரியாக நடுவில் வைத்தால் என்ன ஆகும்? இரண்டு பக்கமும் அதே 5 மில்லிமீட்டர் கூடுதலாகப் படிப்போம். கழிக்கும்போது இரண்டும் அடிபட்டுப் போகும். கருவி பிசகினாலும் விடை பிசகாது. நடுவில் நிற்பது தவிர வேறு எதுவும் செய்ய வேண்டியதில்லை. கடைசியில் புறப்பட்ட புள்ளிக்கே திரும்ப வந்து அளந்து முடிக்க வேண்டும். 3.000இல் தொடங்கி 3.040இல் வந்து நின்றால், வழியில் எங்கோ தவறு. மறுபடி எடுக்க வேண்டியதுதான்.

அந்த 3.000 எங்கிருந்து வருகிறது? ‘கடல் மட்டத்திலிருந்து’ என்று நாம் சாதாரணமாகச் சொல்வது இந்திய அளவைத் துறை 1909இல் முடித்த உயர அளவை வலைப்பின்னலில் போய் நிற்கிறது. ஒன்பது துறைமுகங்களில் அலை ஏற்ற இறக்கத்தை ஆண்டுக்கணக்கில் பதிவு செய்து, சராசரி எடுத்து, அதைச் சுழியம் என்று வைத்தார்கள். அந்த ஒன்பதில் நாகப்பட்டினமும் சென்னையும் உண்டு. அங்கிருந்து கல்லுக்குக் கல் லெவல் எடுத்து நாடு முழுவதும் கொண்டுபோனார்கள். நம் தெரு வடிகாலின் உயரம் நூறாண்டுக்கு முந்தைய நாகப்பட்டினத்து அலையோடு கைகோத்திருக்கிறது.

இந்தக் கைகோப்பு அறுந்தால் என்ன நடக்கும் என்று நான் முன்பு குடியிருந்த ஓர் ஊரில் பார்த்தேன். அடுத்தடுத்த இரண்டு வார்டுகளில் வேறு வேறு ஆண்டுகளில் வடிகால் கட்டினார்கள். ஒருவர் கோயில் படியைத் தொடக்கப் புள்ளியாக எடுத்தார், மற்றவர் சிறுபாலத்தின் கைப்பிடிச் சுவரை எடுத்தார். இரண்டுக்கும் உள்ள உயர வித்தியாசத்தை யாரும் அளக்கவில்லை. வார்டு எல்லையில் இரண்டு வடிகாலும் சேர்ந்த இடத்தில் கீழே போக வேண்டிய தண்ணீருக்கு முன்னால் ஒரு சாண் உயரப் படி. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் நல்ல வேலை. மூன்று மழைக்காலம் என் வாசலில் அந்தத் தண்ணீர் நின்றது, கொசு மொய்த்தது, எதிர்வீட்டுக் குழந்தை டெங்குவில் பத்து நாள் படுத்தது. வார்டுக்கு மேலே பணிகள் குழு என்று ஒன்று ஏன் வேண்டும் என்பது எனக்கு அங்கேதான் விளங்கியது. வார்டு எல்லை காகிதத்தில் இருக்கும் கோடு. சரிவு அதைக் கேட்டுக்கொண்டு போவதில்லை.

சரிவு குறைந்தால் என்ன நஷ்டம்? வடிகாலில் நீரின் வேகம் சரிவின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. சரிவு நான்கில் ஒன்றாகக் குறைந்தால் வேகம் பாதியாகும். நொடிக்கு ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் வேகம் இருந்தால்தான் நீர் தன்னோடு வரும் மணலையும் வண்டலையும் தள்ளிக்கொண்டு போகும். அதற்குக் கீழே போனால் மண் படியும். படிந்த மண் அடித்தளத்தை உயர்த்தும், சரிவு இன்னும் குறையும், இன்னும் படியும். தூர் வாருகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் அதே இடத்தில் மண் அள்ளுகிறார்களா? அந்த இடத்தின் லெவலைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

இன்னொன்று, கடற்கரை ஊர் என்றால் எல்லாத் தண்ணீரும் கிழக்கே போகும் என்று நினைப்போம். புதுச்சேரியில் கடலோர மணல்மேடு சற்று உயரம். அங்கே விழும் மழையில் பெரும்பகுதி கடலுக்கு முதுகைக் காட்டி, மேற்கே பெரிய வாய்க்காலை நோக்கி இறங்கும். கடலூரிலும் உப்பனாறு கடலுக்கு இணையாக ஓடுகிறது. அதற்கும் கடலுக்கும் நடுவிலுள்ள நிலத்தில் மழை எந்தப் பக்கம் இறங்கும் என்பதை லெவல்தான் சொல்ல வேண்டும். இந்த இடத்தில் ஒரு மனக்குறை. வடிகால் வாசலுக்கு நேரே வரக் கூடாது, ஈசானிய மூலைக்குத் தண்ணீர் போனால்தான் குடும்பத்துக்கு நல்லது என்று சொல்லித் திசையை மாற்றக் கேட்பவர்களைக் கூட்டங்களில் பார்த்திருக்கிறேன். நம்பிக்கையை மதிக்கிறேன். ஆனால் ஒரு வீட்டின் வாஸ்துவுக்காக வடிகாலை வளைத்தால் சரிவு கெட்டு, அந்தத் தெருவின் கடைசி வீட்டில் இருக்கும் கிழவி முழங்கால் தண்ணீரில் நிற்பார். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஒரு வரம்பும் உண்டு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, மறுநாள் காலை வரையிலான ஒரே நாளில் புதுச்சேரியில் 46 சென்டிமீட்டர் மழை. அதைத் தாங்கும் தெரு வடிகால் எதுவும் இல்லை. அதற்கடுத்து சாத்தனூர் அணையிலிருந்து வந்த வெள்ளம் தென்பெண்ணையில் பெருகிக் கடலூரின் கரையோரப் பகுதிகளைச் சூழ்ந்தது. ஆறு தெருவைவிட உயர்ந்துவிட்டால் வடிகால் பின்னோக்கி ஓடும். தண்ணீரை வெளியேற்றக் கட்டியது தண்ணீரை உள்ளே கொண்டுவரும். அதற்காகத்தான் வடிகால் ஆற்றில் சேரும் முனையில் ஒருவழிக் கதவு வைக்கச் சொல்கிறார்கள். உங்கள் வடிகால் ஆற்றிலோ உப்பனாற்றிலோ சேர்கிறது என்றால், பெருக்கு நேரத்தில் அங்கே நீர் எந்த உயரத்தில் நிற்கும் என்பது எஸ்டிமேட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

என் கருத்து ஒன்று. சிவில் படிக்கும் ஒவ்வொரு பாலிடெக்னிக், பொறியியல் மாணவரும் சர்வே முகாம் போகிறார். லெவல் எடுத்து, நோட்டுப் புத்தகத்தில் எழுதி, மதிப்பெண் வாங்கியதும் அந்த நோட்டு பரணுக்குப் போய்விடுகிறது. அந்த முகாமை ஏதாவது மைதானத்தில் நடத்துவதற்குப் பதில் ஒரு வார்டில் நடத்தி, சாப்பாட்டுச் செலவையும் பேருந்துச் செலவையும் மாநகராட்சி கொடுத்தால், சில ஆண்டுகளில் 45 வார்டுகளுக்கும் தரை உயர வரைபடம் கைக்கு வந்துவிடும். ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் இதுபோன்ற சின்ன வேலைகளுக்கும் ஒரு பங்கு வைக்க வேண்டும் என்று வருந்திக் கேட்கிறேன்.

வாசகருக்கு: உங்கள் மனு பணிகள் குழுவுக்குப் போகும் முன் நீங்களே தோராயமாக அளந்துவிடலாம். கொத்தனாரிடம் ஒளி ஊடுருவும் டியூப் இருக்கும். 20 மீட்டர் போதும். காற்றுக்குமிழி ஒன்றுகூட இல்லாமல் தண்ணீர் நிரப்புங்கள், குமிழி இருந்தால் அளவு கெட்டுவிடும். இரு முனையையும் இரண்டு பேர் உயரத் தூக்கிப் பிடித்தால், நடுவில் தெரு எப்படி வளைந்து போனாலும் இரு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அந்த மட்டத்திலிருந்து தரை வரை இரு பக்கமும் டேப் வைத்து அளங்கள். வித்தியாசம்தான் இறக்கம். அப்படியே தெருக்கோடி வரை போய், திரும்பி வந்து சரிபாருங்கள். தொடங்குவதற்கு முன் பக்கத்து வார்டுக்காரர்களையும் கூப்பிட்டு, இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு புள்ளியைச் சுவரில் பெயிண்டால் குறித்துக்கொள்ளுங்கள்.