அண்டி ஆபீஸில் வேலை மாற்றிக் கொடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

குமரி மாவட்டத்து விளவங்கோடு, கல்குளம் பகுதி அண்டி ஆபீஸ்களில், அதாவது முந்திரிப் பருப்பு ஆலைகளில், தல்லுகிறவர் (கொட்டையை அடித்து ஓட்டை உடைப்பவர்) வருடக்கணக்கில் தல்லிக்கொண்டே இருப்பார். தொலி, அதாவது பருப்பின் மேல் ஒட்டியிருக்கும் தோல், உரிப்பவருக்கு என்றைக்கும் தொலிதான். தல்லுகிறவருக்கு மணிக்கட்டும் தோளும் வலிக்கும், குத்தவைத்தே இருப்பதால் முட்டும் போகும். தொலி உரிப்பவருக்குப் பெருவிரல் அடிமூட்டும் கழுத்தும். வேலையை மாற்றிக் கொடுத்தால் இது குறைய வாய்ப்பு உண்டு.

ஆனால், தொலி உரிப்பவரைத் தரம் பிரிக்க உட்காரவைத்துவிட்டு வேலையை மாற்றிவிட்டதாகச் சொல்கிறார்கள். அங்கேயும் அதே குனிந்த கழுத்து, அதே விரல்கள். நின்றும் நடந்தும் செய்கிற வேலைக்கு அவரை அனுப்ப வேண்டும்: போர்மாவில் (பருப்பைக் காயவைக்கும் சூட்டறை) தட்டு அடுக்குவது, பருப்பு நிறுப்பது, டின்னில் அடைப்பது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. வாரம் ஒருமுறை மாற்றினால் அந்த வாரம் முழுக்க ஒரே மூட்டுதான் பாடுபடும்.

தொலி காலையிலும் தல்லு மதியத்துக்குப் பிறகும் இருக்கட்டும். கொட்டையின் ஓட்டிலிருந்து வரும் தோட்டெண்ணெய் பட்ட கையால் தொட்டால் பருப்பில் கறை ஏறும். முந்தின நாள் போர்மாவில் காய்ந்த பருப்பு காலையில் மொறுமொறுப்பாக இருக்கும். ஈரம் ஏறினால் தொலி ஒட்டிக்கொள்ளும், உரிக்கையில் பருப்பு உடையும். தல்லிவிட்டுத் தொலிக்கு வந்தே ஆகவேண்டுமென்றால், கையில் தேங்காய் எண்ணெய் தடவித் துணியால் துடைத்து, அதன்பிறகு சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். தோட்டெண்ணெய் வெறும் தண்ணீருக்குப் போகாது. அந்த எண்ணெய் பட்டுக் கை வெந்தவரைப் புண் ஆறும்வரை தல்ல விடவே கூடாது.

தரம் பிரிக்க எல்லாரையும் சுழற்சியில் விட முடியாது. பருப்பின் அளவை வைத்துத் தரத்துக்கு நம்பர் உண்டு: 320 நம்பர் என்றால் ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 பருப்பு. 240 நம்பருக்கு 220 முதல் 240. இதைக் கண்ணால் பிரிக்கப் பழகியவர் பக்கத்தில் இருந்து கற்க வேண்டும்.

பல இடங்களில் வேலை மாற்றும் இந்த முறை ஒரே வாரத்தில் நின்றுபோவதற்குக் காரணம் கூலி. கிலோ கணக்கில் கூலி வாங்குபவர் புது வேலையில் பாதிதான் முடிப்பார். வீட்டுச் செலவு பாதியாகாது. முந்தைய நாலு வாரச் சராசரிக் கூலியை முதல் மாதம் குறையாமல் கொடுங்கள். பழகும்வரை உடையும் பருப்புக்குக் கூலியில் பிடிக்காதீர்கள். இதைச் செய்யாமல் தொழிலாளர் ஒத்துழைக்கவில்லை என்று குறைப்படுவது நியாயமில்லை.

தல்லும் இடத்தில் தாழ்வான பலகையாவது போடுங்கள். முட்டு மடங்குவது கொஞ்சம் குறையும். ராத்திரியில் பெருவிரலும் அடுத்த இரண்டு விரலும் மரத்துப்போகிறது என்று ஒருவர் சொன்னால், மணிக்கட்டில் நரம்பு நெரிபடுகிறதா என்று பார்க்க வேண்டும். அவரைத் தல்லு, தொலி இரண்டிலிருந்தும் அன்றைக்கே விலக்கி டாக்டரிடம் அனுப்புங்கள்.