கிரேக்கம் பேசினால் போதாது: ரோமானிய எகிப்தில் தலைவரிச் சலுகை எங்கெல்லாம் சிக்கும்

வீட்டில் பேசுவது கிரேக்கம். பெயரும் கிரேக்கப் பெயர். பையன் ஹோமரை மனப்பாடமாகச் சொல்கிறான். அப்படியானால் அவர்கள் கிரேக்கர்கள்தானே? ரோமானியர் ஆண்ட எகிப்தில் அலுவலகம் சொன்ன பதில் வேறு. அலெக்சாந்திரியா, நவுக்ராதிஸ், டொலெமாயிஸ், கி.பி. 130இல் பேரரசர் ஹாட்ரியன் நிறுவிய அந்தினோபொலிஸ் என்ற நான்கு நகரங்களில் ஒன்றின் குடிமகனாகவோ ரோமானியக் குடிமகனாகவோ இல்லாவிட்டால், சட்டத்தின் கண்ணில் அவர் பெரும்பாலும் ‘எகிப்தியர்’தான். பேச்சு, படிப்பு, சாமி எதுவும் கணக்கில் வராது.

சான்றிதழுக்கு அலைபவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பவன் நான். அந்தக் காலத்தில் பாப்பிரஸ் என்ற நாணல் தாளில் எழுதிய மனுக்களைப் படிக்கும்போது தெரிந்தவர்கள் வீட்டுக் காகிதத்தைப் பார்ப்பது போலவே இருக்கிறது. அன்று யாராவது என்னிடம் வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ, அதைத்தான் எழுதுகிறேன்.

பின்னணி சுருக்கமாக. கி.மு. 30இல் எகிப்து ரோமின் கைக்கு வந்தது. 14 வயதிலிருந்து ஏறத்தாழ 60 வயது வரை ஆண்களுக்குத் தலைவரி, அதாவது ஆளுக்கு இவ்வளவு என்ற வரி. ரோமானியக் குடிமக்களுக்கும் அலெக்சாந்திரியக் குடிமக்களுக்கும் வரி இல்லை. மாவட்டத் தலைநகரில் பதிவு பெற்ற குடும்பங்களுக்குச் சலுகை விகிதம். ஃபயூம் பகுதியில் மற்றவர்கள் ஆண்டுக்கு 40 திராக்மா (அன்றைய கிரேக்க நாணயம்) கட்ட, இவர்களுக்கு 20. ஆக்சிரிங்கஸ் என்ற இன்னொரு மாவட்டத் தலைநகரில் சலுகை விகிதம் 12.

தலைநகரில் குடியிருந்தாலே சலுகை வந்துவிடும் என்று நினைத்தவர்கள்தான் முதலில் மாட்டினார்கள். அது குடியிருப்பைப் பார்த்துத் தருவது அல்ல, வம்சத்தைப் பார்த்துத் தருவது. பையனுக்கு 13, 14 வயதாகும்போது ‘எபிக்ரிசிஸ்’ என்ற தகுதிச் சோதனை நடக்கும். அப்பா சலுகைக் குடும்பங்களின் பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது, அம்மாவின் அப்பாவும் இருக்க வேண்டும். பலர் கவனிக்காமல் விடக்கூடிய இடம் இது. பெண் எடுக்கும்போது மாமனார் எந்தப் பட்டியலில் இருக்கிறார் என்று கேட்காதவர், 14 ஆண்டு கழித்து மகனுக்காக அலுவலகத்தில் நிற்க வேண்டியதுதான்.

அதற்கும் மேலே ஜிம்னேசிய வகுப்பு, அதாவது ஜிம்னேசியம் என்ற கிரேக்கப் பயிற்சிக்கூடத்தைச் சேர்ந்த குடும்பங்கள். கிரேக்கர் என்ற மதிப்பு உண்மையில் அங்கேதான் இருந்தது. ஆக்சிரிங்கஸில் அதில் சேர, கி.பி. 4/5இல் தயாரித்த பட்டியல் வரை அப்பா வழி, அம்மா வழி முன்னோர் இருவரையும் தலைமுறை தலைமுறையாகக் காட்ட வேண்டும். இருநூறு ஆண்டு கழித்து விண்ணப்பித்தவர்களும் அதே பட்டியலுக்குத்தான் போனார்கள். ஆகவே தாத்தா காலத்து எபிக்ரிசிஸ் நகல் வீட்டில் இருந்தால் பத்திரமாக வையுங்கள். நடுவில் ஒரு தலைமுறைக்குச் சான்று இல்லையென்றால் அந்தச் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும்.

சரி, நேராக ரோமானியக் குடியுரிமைக்கே போய்விடலாமா? இளைய பிளினியைப் பாருங்கள். செனட்டர், பேரரசர் திராயானுக்கு வேண்டியவர். நோயில் தன்னைப் பார்த்துக்கொண்ட ஹார்போக்ராஸ் என்ற மருத்துவ உதவியாளருக்குக் குடியுரிமை கேட்டார். கேட்டபடி வயதையும் சொத்து விவரத்தையும் கொடுத்தார், குடியுரிமையும் கிடைத்தது. அப்புறம்தான் விவரம் தெரிந்தவர்கள் சொன்னார்கள்: இவர் எகிப்தியர், முதலில் அலெக்சாந்திரியக் குடியுரிமை, அதன் பிறகுதான் ரோமானியக் குடியுரிமை. வரிசை தவறிவிட்டது. மறுபடி கடிதம். அலெக்சாந்திரியக் குடியுரிமையை எளிதில் கொடுப்பதில்லை என்று சொல்லிவிட்டு இணங்கிய பேரரசர், அவர் எந்த மாவட்டம் என்று தெரிவிக்கச் சொன்னார், அப்போதுதான் எகிப்து ஆளுநருக்கு எழுத முடியுமாம். மெம்பிஸ் மாவட்டம் என்று இன்னொரு கடிதம். பேரரசரோடு நேரடியாகக் கடிதம் எழுதிக்கொள்பவருக்கே இத்தனை சுற்று என்றால், ஃபயூமில் எழுதப் படிக்கத் தெரியாத விவசாயி எங்கே போவார்?

இனி சொல்வதைக் கவனமாகப் படியுங்கள், இதில் சொத்தே போகும். ‘இடியோஸ் லோகோஸ்’ என்ற கணக்கு அலுவலகத்தின் விதித் தொகுப்பு ஒன்று, இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது, நமக்குக் கிடைத்திருக்கிறது. 100க்கும் மேற்பட்ட விதிகள். தனக்கு உரிமையில்லாத நிலையைத் தன்னுடையதாகச் சொல்லிக்கொண்டால் சொத்தில் நாலில் ஒரு பங்கு பறிமுதல். தெரிந்தே உடன்பட்டவருக்கும் அதே தண்டனை. இறந்துபோன அப்பாவை ரோமானியர் என்று எழுதிய எகிப்தியருக்கும் நாலில் ஒன்று. மகனை எபெபோஸ், அதாவது ஜிம்னேசிய இளைஞன், என்று பதிவு செய்துவிட்டால் ஆறில் ஒன்று. ஓய்வுபெற்ற படைவீரரை மணந்த எகிப்தியப் பெண் தன்னை ரோமானியர் என்று எழுதிக்கொண்டால் அதுவும் குற்றம். கணவனுக்குக் கிடைத்த உரிமை மனைவிக்குத் தானாக வராது.

ரோமானியரும் எகிப்தியரும் ஒருவர் நிலை மற்றவருக்குத் தெரியாமல் மணந்துகொண்டால்கூட, பிள்ளைகளுக்கு இருவரில் தாழ்ந்த நிலைதான் என்கிறது ஒரு விதி. தெரியாமல் செய்த ஆண்களுக்குச் சலுகை தரும் இன்னொரு விதியும் அதே தொகுப்பில் உண்டு. எது தன் தலையில் விழும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால் இரண்டாவதை நம்பி இறங்க வேண்டாம்.

படையில் சேர்ந்து உரிமை பெறலாம் என்பவர்களுக்கு: வழி உண்டு, ஆனால் குடிமக்கள் அல்லாதவர்கள் சேரும் துணைப்படையில் 25 ஆண்டு. 140 வாக்கில் அதிலும் கைவைத்தார்கள். பணிக்காலத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு, அதுவரை கிடைத்துவந்த குடியுரிமை, பொதுவாக நின்றுபோனது. எகிப்தியர் என்பதை மறைத்து லீஜியன் என்ற ரோமானியக் குடிமக்கள் படையில் சேர்ந்து, யாரும் கண்டுபிடிக்காமலே முழுக் காலமும் உழைத்தவரும், விடுபட்ட அன்று மறுபடி எகிப்தியர்தான். இதுவும் அதே தொகுப்பில் இருக்கிறது. ஒரு வாழ்நாள் உழைப்பை ஒரே வரியில் அழித்துவிடுகிறார்கள்.

212இல் பேரரசர் கராகல்லா, பேரரசின் சுதந்திர மக்கள் ஏறக்குறைய எல்லோருக்கும் குடியுரிமை கொடுத்தார். வரி வருமானத்துக்காகத்தான் என்று வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ எழுதிவைத்தார். பெயருக்கு முன்னால் ‘அவுரேலியஸ்’ வந்தது. தலைவரி உடனே போய்விடவில்லை, எபிக்ரிசிஸ் மனுக்களும் நிற்கவில்லை. ஆகவே பழைய காகிதங்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அலெக்சாந்திரியாவில் வேலைக்கு இருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். 215இல் அதே கராகல்லா, நாட்டுப்புற எகிப்தியர்களை நகரிலிருந்து வெளியேற்ற உத்தரவிட்டார். பன்றி வணிகர், படகோட்டிகள், குளியல் கூடங்களுக்கு நாணல் கொண்டுவருபவர்கள் இருக்கலாம். செராபிஸ் கடவுளின் திருவிழாவுக்குக் காளை கொண்டுவருபவர்களுக்கும் தடையில்லை. நெசவாளர்களுக்கு அந்த விலக்கு இல்லை. அவர்களுக்கு நடுவே உண்மையான எகிப்தியரை எளிதில் கண்டுபிடித்துவிடலாம், உடையும் தோற்றமும் மாறியிருந்தாலும் பேச்சு காட்டிக்கொடுத்துவிடும் என்று உத்தரவிலேயே எழுதியிருக்கிறது.